கடல் இருந்தும் சென்னைக்கு ஏன் மரீனா பே போன்ற ஸ்கைலைன் இல்லை?

கேள்வி இதுதான்: சிங்கப்பூரின் மரீனா பேயில் நின்றால் நகரமே ஒரே பார்வையில் அடங்கிவிடுகிறது. ஹாங்காங், நியூயார்க், சிகாகோ என்று எந்த ஊர்ப் படத்தை எடுத்தாலும் முன்னால் தண்ணீர், பின்னால் கட்டடங்கள். சென்னையிலும் கடல் இருக்கிறது, உயரமான கட்டடங்களும் வந்துவிட்டன. அப்புறம் ஏன் அங்கே அப்படி ஒரு ஸ்கைலைன், அதாவது வானத்தின் பின்னணியில் தெரியும் கட்டட வரிசை, அமையவில்லை? தண்ணீர் இதில் உண்மையில் என்ன வேலை செய்கிறது?

முதலில் சென்னையைப் பார்த்துவிடலாம். சென்னைக் கடலுக்கு எதிர்க்கரை இல்லை. கரை வடக்குத் தெற்காக ஏறக்குறைய நேர்க்கோட்டில் ஓடுகிறது. வளைந்து உள்வாங்கும் விரிகுடாவாக இருந்தால், மும்பை மரைன் டிரைவில் நடப்பதுபோல, கரையின் ஒரு முனையில் நின்று மறுமுனையைத் தண்ணீருக்கு மேலாகப் பார்க்கலாம். நேரான கரையில் அதற்கு வழியில்லை. கடலைப் பார்த்து நின்றால் நகரம் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது.

ஆனால் மெரினாவில் அலை காலைத் தொடும் இடம்வரை நடந்துபோய் மேற்கே திரும்பிப் பாருங்கள். நடுவில் சுமார் 300 மீட்டர், சில இடங்களில் 400 மீட்டருக்கும் மேல், வெறும் மணல். அதற்கப்பால் செனட் ஹவுஸ், சேப்பாக்கம் அரண்மனை, மாநிலக் கல்லூரி. இவையெல்லாம் உயரம் குறைந்த கட்டடங்கள் என்பதால் அந்தத் தூரமே தாராளமாகப் போதும், வரிசை முழுதாகக் கண்ணில் படுகிறது. இங்கே மணல் செய்வதைத்தான் மற்ற ஊர்களில் தண்ணீர் செய்கிறது. யாரும் கட்டடம் எழுப்ப முடியாத, மரமும் விளம்பரப் பலகையும் முளைக்காத ஒரு வெற்றிடத்தை நகரத்தின் முன்னால் அது காத்துக் கொடுக்கிறது. என் பார்வையில் தண்ணீரின் முதல் வேலை இதுதான். பிரதிபலிப்பு, விளக்கொளி, அழகு எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

சென்னையின் ஸ்கைலைனை ஒழுங்காகப் பார்ப்பவர்கள் காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிற மீனவர்கள். அவர்களுக்கு அது ரசிக்கிற காட்சி மட்டும் இல்லை. கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு அடையாளங்களை, ஒரு கோபுரத்தையும் அதன் பின்னால் உள்ள ஒரு குன்றையும் என்று வைத்துக்கொள்வோம், நேர்க்கோட்டில் பிடிப்பார்கள். வேறொரு திசையில் இன்னொரு ஜோடியைப் பிடிப்பார்கள். அந்த இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மீன் கிடைக்கும் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, இருக்கும். ஜிபிஎஸ் வரும்வரை பல தலைமுறைகள் இப்படித்தான் கடலில் இடம் கண்டுபிடித்தார்கள். தண்ணீரிலிருந்து தெரியும் நகரம் அவர்களுக்குத் தொழில் கருவி.

சரி, தூரத்துக்கு வருவோம். ஒரு கட்டடத்தை முழுதாகப் பார்க்க எவ்வளவு பின்னால் போக வேண்டும்? 19ஆம் நூற்றாண்டில் ஹெர்மன் மேர்ட்டென்ஸ் என்ற ஜெர்மானியக் கட்டடக்கலைஞர் இதற்கு எளிய கணக்கு ஒன்று சொன்னார். கட்டடத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் நின்றால், அதன் உச்சி சுமார் 27 டிகிரி கோணத்தில் இருக்கும். தலையை அண்ணாக்காமல் கட்டடம் முழுதும் தெரியும். மூன்று மடங்கு போனால் கோணம் 18 டிகிரியாகக் குறையும். அப்போது கட்டடத்தோடு அக்கம்பக்கமும் வானமும் சேர்ந்து ஒரே காட்சியாகத் தெரியும். நகர வடிவமைப்புப் பாடங்களில் இந்தக் கணக்கை இன்றும் சொல்லித்தருகிறார்கள்.

இதைச் சிங்கப்பூரில் பொருத்திப் பாருங்கள். ராஃபிள்ஸ் பிளேஸில் உள்ள மிக உயரமான வங்கிக் கோபுரங்கள் 280 மீட்டர். அவற்றின் அடியில், 20 மீட்டர் தெருவின் மறுபக்கம் நின்று பார்த்தால் உச்சி 86 டிகிரியில் இருக்கும். அதாவது கிட்டத்தட்டத் தலைக்கு நேர் மேலே. கழுத்துதான் வலிக்கும், கட்டடம் தெரியாது. அதே கோபுரங்களை விரிகுடாவின் எதிர்ப்பக்கம், மரீனா பே சாண்ட்ஸ் முன்னால் உள்ள நடைபாதையில் நின்று பாருங்கள். நடுவில் ஏறக்குறைய 900 மீட்டர். உயரத்தின் மூன்று மடங்குக்குச் சற்று மேல். கோணம் 17 டிகிரி.

ஹாங்காங்கிலும் இதே கதைதான். சிம் ஷா சுய் கரையில் பழைய மணிக்கூண்டுப் பக்கம் நின்று எதிர்க்கரையில் உள்ள 412 மீட்டர் ஐஎஃப்சி கோபுரத்தைப் பார்த்தால், நடுவில் சுமார் 1,400 மீட்டர். கோணம் 16 டிகிரி. இரண்டு ஊர்களும் கணக்குப் போட்டு இந்த விகிதத்துக்கு வந்தன என்று நான் சொல்லவில்லை. ஆனால் உலகம் சுற்றுபவர்கள் எல்லாரும் இந்த இரண்டு இடங்களில் நின்றே படம் எடுப்பதற்கு இந்த விகிதம் பெரிய காரணம்.

தண்ணீர் இதைவிடக் குறுகினால் காட்சி வேறு மாதிரி ஆகிவிடும். சிகாகோ நகருக்குள் ஓடும் ஆற்றங்கரையில் நடந்தால் இரண்டு பக்கமும் கோபுரங்கள் சுவர்போல எழுந்து நிற்கும். அதுவும் பிரமாதமான அனுபவம்தான், ஆனால் அங்கே ஸ்கைலைன் தெரியாது. மலை இடுக்கில் நடக்கிற உணர்வுதான் வரும்.

இனி மரீனா பேயை ஒரு நல்ல உதாரணமாகக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். இயற்கை கொடுத்த விரிகுடா என்று பலர் நினைக்கிற அது முழுக்க மனிதர்கள் செய்தது. 1960கள் வரை காலியர் கீ என்ற கரையோரச் சாலைக்கு முன்னால் திறந்த கடல்தான். 1928இல் திறந்த ஃபுல்லர்ட்டன் கட்டடமும், 1933இல் திறந்த கிளிஃபர்ட் துறையும் நேரே கடலைப் பார்த்து நின்றன. ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாக வந்த தமிழர்கள் சிங்கப்பூரை முதலில் பார்த்தது கடலிலிருந்துதான். அந்தக் காலத்துச் சிங்கப்பூரின் முகத்தை அவர்கள் கப்பல் தளத்தில் நின்று பார்த்திருப்பார்கள். கரையில் பிறந்து வளர்ந்த பலருக்கு அந்தக் கோணம் கிடைத்திருக்காது.

1970களில் கடலைத் தூர்க்கத் தொடங்கினார்கள். கிழக்கிலும் தெற்கிலும் புதிய நிலம் நீண்டது. நடுவில் ஒரு துண்டு நீரை மட்டும் மூடாமல் விட்டார்கள். அந்தத் துண்டுதான் மரீனா பே. அதாவது, சிங்கப்பூர் தன் பழைய கரைக்கு எதிரே புதிதாக ஓர் எதிர்க்கரையை உருவாக்கிக்கொண்டது. 2010இல் திறந்த மரீனா பே சாண்ட்ஸ் நிற்பது அந்தப் புதிய கரையில்தான். அதை வடிவமைத்த மோஷே சாஃப்டி ஒரே நீண்ட சுவராகக் கட்டாமல் மூன்று கோபுரங்களாகப் பிரித்து, இடைவெளிகளின் வழியே பின்னால் உள்ள வானம் தெரிய விட்டதை நான் மிகவும் மதிக்கிறேன். அவ்வளவு பெரிய ஹோட்டலை அடைப்பாகக் கட்டியிருந்தால் விரிகுடாவின் கிழக்குப் பக்கமே மூடிப்போயிருக்கும்.

நகரம் வளர வளர, நீரிலிருந்து தெரிகிற காட்சி எப்படி மாறியது என்பதற்குச் சிங்கப்பூரின் கலங்கரை விளக்கங்களே சாட்சி. 1903 முதல் ஃபோர்ட் கேனிங் குன்றில் ஒரு விளக்கு எரிந்தது. முன்னால் கட்டடங்கள் எழுந்து அதைக் கப்பல்களின் கண்ணிலிருந்து மறைத்தன. 1958இல் ஃபுல்லர்ட்டன் கட்டடத்தின் கூரைக்கு அந்த வேலை மாறியது. இருபது ஆண்டுகளில் அதற்கும் அதே கதி. 1978இல் விளக்கு நகர மையத்தையே விட்டு வெளியேறி, கிழக்குக் கரையில் ஒரு 25 மாடிக் குடியிருப்பு அடுக்ககத்தின் உச்சிக்குப் போனது. பெடோக் கலங்கரை விளக்கம் என்பது அதுதான்.

மெர்லயன் சிலையின் கதை இன்னும் நல்லது. சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட, 8.6 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிலை 1972இல் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் நிறுவப்பட்டது. கடல்வழி வருபவர்களை வரவேற்பதுபோல அதை நிறுத்தியிருந்தார்கள். 1997இல் அதன் முன்னாலேயே எஸ்பிளனேட் பாலம் வந்துவிட்டது. பாலம் பெரிய உயரமெல்லாம் இல்லை. ஆனால் நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள காட்சியை மறைக்க உயரம் தேவையில்லை. தாழ்வான ஒரு கிடைக்கோடே போதும். விரிகுடாப் பக்கமிருந்து சிலை சரியாகத் தெரியாமல் போனது. கடைசியில் 2002இல் சிலையையே 120 மீட்டர் தள்ளி, பாலத்தின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்று எல்லாரும் படம் எடுப்பது அந்த இடத்தில்தான். ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரம் எல்பே ஆற்றின் குறுக்கே ஒரு புதிய பாலத்தைக் கட்டத் தொடங்கி, 2009இல் உலகப் பாரம்பரியத் தகுதியையே இழந்தது. ஆற்றங்கரைக் காட்சியைப் பொறுத்தவரை பாலம்தான் மிகவும் கவனமாகக் கட்ட வேண்டிய பொருள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்தது 2008இல் திறந்த மரீனா அணைக்கட்டு. விரிகுடாவுக்கும் கடலுக்கும் நடுவே 350 மீட்டர் அகலத்தில் கட்டப்பட்டது. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை இந்த நீர்த்தேக்கத்துக்கு வந்து சேர்கிறது. நோக்கம் குடிநீரும் வெள்ளத் தடுப்பும்தான். ஆனால் காட்சிக்கும் அது பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஏற்ற இறக்கம் உள்ள நீருக்கு முன்னால் கரைச்சுவரை உயர்த்திக் கட்ட வேண்டும். நீர் வடிந்த நேரத்தில் பாசி படிந்த சுவரும் சேறும் தெரியும். அணைக்குப் பிறகு விரிகுடாவில் ஓதம் கிடையாது. நீர்மட்டம் கிட்டத்தட்ட நிலையாக இருப்பதால், படிக்கட்டுகளை நீருக்குச் சற்று மேலே வரை இறக்க முடிந்தது. கண் நீர்மட்டத்துக்கு நெருங்க நெருங்கப் பிரதிபலிப்பு கூடும். அதை இப்போது சொல்கிறேன்.

தண்ணீரை நேர் மேலிருந்து பார்த்தால், விழும் ஒளியில் சுமார் 2 சதவீதம்தான் திரும்பி வருகிறது. மீதி உள்ளே போய்விடுகிறது. அதனால்தான் காலடியில் உள்ள நீர் இருட்டாகவோ, தரை தெரிகிற அளவுக்குத் தெளிவாகவோ இருக்கிறது. பார்வை சாயச் சாய இந்தப் பங்கு கூடும். நீர்ப்பரப்போடு 10 டிகிரி கோணத்தில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரும்பும். 5 டிகிரிக்கு இறங்கினால் பாதிக்கும் மேல். எதிர்க்கரை ஓரத்து நீர் கண்ணாடிபோல மின்னுவதும், நம் காலடி நீர் மங்கிக் கிடப்பதும் இதனால்தான். மாடியில் ஏறி நின்று பார்ப்பவருக்குப் பிரதிபலிப்பு குறைவதற்கும் இதுவே ஒரு காரணம்.

இன்னொரு காரணம் வடிவியல். நீரில் தெரியும் நகரம் மேலே தெரியும் நகரத்தின் அச்சு நகல் இல்லை. நம் கண் நீருக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு ஆழத்தில் நீருக்கு அடியில் இருந்து பார்த்தால் என்ன தெரியுமோ, அதுதான் பிரதிபலிப்பில் தெரியும். அதனால் கரையிலிருந்து உள்ளே தள்ளி நிற்கும் கட்டடத்தின் கீழ்ப்பகுதியைக் கரைச்சுவரும் முன்வரிசைக் கட்டடங்களும் பிரதிபலிப்பில் அதிகமாக மறைக்கும். பாலத்தின் அடிப்பகுதியோ நேரில் தெரிவதைவிட நீரில் நன்றாகத் தெரியும். கீழே இறங்கி நில்லுங்கள், இரண்டு காட்சிகளும் ஒன்றுக்கொன்று நெருங்கும்.

இரவில் விளக்குகள் நீரில் நீண்ட தூண்களாக விழுகின்றன அல்லவா? அதைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் சுவையான விஷயம். நீர் முழு அமைதியாக இருந்தால் ஒரு சன்னலின் பிரதிபலிப்பும் ஒரு சன்னல் அளவே இருக்கும். லேசான காற்று வந்ததும் நீர்ப்பரப்பு ஆயிரக்கணக்கான சின்னச் சரிவுகளாக உடைகிறது. நமக்கும் விளக்குக்கும் நடுவில் உள்ள கோட்டில் எங்கெல்லாம் ஒரு சரிவு சரியான கோணத்தில் சாய்கிறதோ, அங்கெல்லாம் அதே விளக்கு மறுபடி மறுபடி தெரிகிறது. பக்கவாட்டில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. அதனால் ஒளி அகலவாக்கில் பரவாமல் நம்மை நோக்கி நீள்கிறது. மரீனா பேயில் நின்றால் ஒரு வங்கியின் சிவப்புப் பெயர்ப்பலகை நீரில் பாதித் தூரம் வரை சிவப்புப் பட்டையாக வரும். பக்கத்தில் நீலம், அடுத்து வெள்ளை, ஒன்றோடொன்று கலக்காமல். நீங்கள் பத்தடி நகர்ந்தால் எல்லாப் பட்டைகளும் உங்களோடு நகரும். பக்கத்தில் நிற்பவர் பார்க்கிற தூண்கள் வேறு.

தூரம் சரியாக இருந்தாலும் வரிசையின் அமைப்பு கெட்டால் காட்சி கெடும். சிங்கப்பூரில் நீரோரத்தில் தாழ்வான கட்டடங்கள், பின்னால் போகப்போக உயரமானவை என்று திட்டமிட்டே வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூர் ஆற்றங்கரையில் உள்ள போட் கீயின் பழைய கடைவீடுகளை 1989இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். இன்று அந்த இரண்டு மூன்று மாடி ஓட்டுக்கூரைகளுக்குப் பின்னால் 280 மீட்டர் கோபுரங்கள் நிற்கின்றன. அந்தக் கடைவீடுகள் இல்லாவிட்டால் கோபுரங்கள் எவ்வளவு உயரம் என்றே கண்ணுக்குப் பிடிபடாது. மூன்று கோபுரங்கள் சொல்லிவைத்ததுபோல 280 மீட்டரில் நிற்பதற்குக் காரணம் அழகுணர்ச்சி இல்லை, விமானப் பாதைக்கான உயரக் கட்டுப்பாடு. ஹாங்காங்கில் 1998இல் காய் டாக் விமான நிலையம் மூடியதும், சிம் ஷா சுய் இருக்கும் கௌலூன் பக்கத்துக் கட்டுப்பாடு தளர்ந்தது. 2010இல் 484 மீட்டர் ஐசிசி கோபுரம் அங்கே எழுந்தது. அதுவரை ஒரு கரையில் மட்டும் பார்க்கத்தக்க ஸ்கைலைன் இருந்த துறைமுகத்துக்கு இரண்டு பக்கமும் காட்சி வந்துவிட்டது.

தண்ணீர் மிக அகலமாக இருந்தால் பூமியின் வளைவே குறுக்கே வந்துவிடும். மிச்சிகன் ஏரியின் தென்கரையில் உள்ள இந்தியானா மணல்மேடுகளிலிருந்து சிகாகோ சுமார் 50 கிலோமீட்டர். நீரோரம் நிற்கும் ஒருவருக்கு அடிவானம் ஐந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். 50 கிலோமீட்டருக்கு அப்பால், காற்றில் ஒளி சற்று வளைவதையும் சேர்த்துக் கணக்கிட்டால்கூட, கட்டடங்களின் கீழ்ப்பகுதியில் 130 மீட்டருக்கு மேல் அடிவானத்துக்குக் கீழே மறைந்திருக்கும். 442 மீட்டர் வில்லிஸ் கோபுரத்தின் மேல் பகுதியும் இன்னும் சில உச்சிகளும் மட்டும் ஏரியில் நட்டு வைத்ததுபோலத் தெரியும். நீர் குளிர்ந்து, மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும் வசந்த கால நாள்களில் ஒளி வழக்கத்தைவிட அதிகம் வளைந்து, மறைந்திருந்த கீழ்ப்பகுதியும் மேலே எழும்பித் தெரிவதுண்டு.

சிகாகோவின் ஏரிக்கரை திறந்தே இருப்பதும் தற்செயல் இல்லை. 1836இல் வரைந்த நில வரைபடத்தில் கரையோரத் துண்டு ஒன்றைப் பொதுநிலம், எந்தக் கட்டடமும் இல்லாமல் என்றென்றும் திறந்திருக்க வேண்டும் என்று குறித்து வைத்தார்கள். பின்னால் அங்கே கட்டடங்கள் கட்ட முயன்றபோது, மாண்ட்கோமரி வார்டு என்ற வணிகர் 1890 முதல் 1911 வரை அந்த வரியைக் காட்டி வழக்காடினார். அன்று அவரை வளர்ச்சிக்கு எதிரி என்று திட்டியவர்கள் பலர். கிராண்ட் பார்க்கின் பசுமைக்கு மேலே எழும் இன்றைய சிகாகோ காட்சி அந்த வழக்குகள் மீட்டுக் கொடுத்தது.

ஹாங்காங்கில் போராட்டம் நீருக்காகவே நடந்தது. விக்டோரியா துறைமுகத்தை இரண்டு கரையிலிருந்தும் தூர்த்துக்கொண்டே வந்ததில் நடுநீர் சுருங்கிக்கொண்டே போனது. 1997இல் துறைமுகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2004இல் வான் சாய் பகுதியில் கடலைத் தூர்ப்பது பற்றிய வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், மறுக்கமுடியாத பொதுத்தேவை இருந்தாலொழியத் தூர்க்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நகர வடிவமைப்பு வழிகாட்டுதல்களிலும் ஒரு விதி உண்டு: கௌலூன் கரையில் குறித்த சில இடங்களிலிருந்து பார்க்கும்போது, எதிர்க்கரையின் மலை முகட்டுக்குக் கீழே 20 முதல் 30 சதவீத உயரம் கட்டடம் மறைக்காமல் இருக்க வேண்டும். விதியை மீறிய கட்டடங்களும் அங்கே நிற்கின்றன. ஆனாலும் ஒரு நகரம் தன் முகத்தை எங்கே நின்று பார்ப்பது என்று எழுதி வைத்ததே பெரிய காரியம்.

அப்படி எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை இஸ்தான்புல் காட்டியது. பழைய நகரத்திலிருந்து சில கிலோமீட்டர் மேற்கே, சைத்தின்புர்னுவில், 2010களின் தொடக்கத்தில் மூன்று கோபுரங்கள் எழுந்தன. பழைய நகரத்தின் தெருக்களில் நடப்பவர் கண்ணில் அவை அதிகம் படாது. ஆனால் நீருக்கு அப்பால் ஆசியக் கரையிலிருந்து பார்த்தால், நீல மசூதியின் மினார்களுக்குப் பின்னால் அவை முளைத்து நின்றன. வழக்கு நீதிமன்றம் வரை போனது. நீர் நம்மைப் பின்னால் நகர்த்தும்போது தொலைவில் மறைந்திருந்தவற்றையும் சேர்த்தே காட்டிவிடும்.

சிங்கப்பூர் போகிறீர்கள் என்றால் ஒரு யோசனை. மெர்லயன் பக்கம் நின்றால் மரீனா பே சாண்ட்ஸ் தெரியும், நகரம் தெரியாது. நகரத்தைப் பார்க்க எதிர்ப்பக்கம், சாண்ட்ஸ் முன்னால் உள்ள படிகளுக்குப் போக வேண்டும். சூரியன் ஏழு மணிவாக்கில் மறையும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் அந்தி இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நீடிக்கும். வானத்தில் நீலம் மிச்சம் இருக்க, சன்னல் விளக்குகளும் எரியத் தொடங்கும் நேரம் அதுதான். ஆறரைக்கே போய்க் கடைசிப் படியில் இடம் பிடித்துவிடுங்கள். சாண்ட்ஸுக்குப் பக்கத்தில் நான்காவது கோபுரத்துக்கான பணி 2025இல் தொடங்கிவிட்டது, எனவே மெர்லயன் பக்கத்துக் காட்சி மாறப்போகிறது. மூன்று கோபுரங்களோடு படம் வேண்டுமானால் தள்ளிப்போடாதீர்கள்.